நான் எழுதிய பெயர்

ஃபாரம் என்றால் இந்த வயதிலும் எனக்கு ஆகாது. பாங்கியோ, ஆஸ்பத்திரியோ, எங்கே நீட்டினாலும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவேன். கண் சரியாகத் தெரியவில்லை என்று பொய் சொல்வேன். கண்ணெல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. ‘ரிலேட்டிவ்’ என்ற இங்கிலீஷ் வார்த்தை அதில் எங்கேயாவது அச்சாகியிருக்குமோ என்றுதான் பயம்.

அந்த வார்த்தையை முதலில் எனக்குக் காட்டியது இலக்கணப் பாடம் எடுத்த டீச்சர். மயிலாப்பூரில் நாலாவது ஃபாரம், அதாவது இப்போதைய ஒன்பதாம் கிளாஸ், படித்துக்கொண்டிருந்தேன். வாக்கியத்தில் முன்னால் வந்த பெயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வரும் சொற்களுக்கு ‘ரிலேட்டிவ் ப்ரனவுன்’ என்று பெயராம். “தனியா நிக்கத் தெரியாதுடீ இதுக்கு. முன்னாடி ஒருத்தர் இருந்தாத்தான் இதுக்குப் பொழப்பு” என்று டீச்சர் சொன்னார். மற்ற பெண்கள் விழித்தார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஸ்டோரில் இருந்தவர்கள் எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்.

ஸ்டோர் என்றால் கடை இல்லை. ஒரே வாசல், நடுவில் முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் ஏழு குடித்தனம். ஏழு குடித்தனத்திலும் யாருக்கும் பெயர் கிடையாது. என் அம்மா ‘பெரிய பொண்ணோட அம்மா’. என் நைனா டிராம் ஷெட்டில் ஃபிட்டர், ஆகவே ‘டிராம்காரர்’. யாரோ ஒருவரைப் பிடித்துக்கொண்டு அல்லது ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எல்லோரும் நின்றோம். பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கண்டிப்பு. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும். நைனாவின் பெயரில் பாதி ஒரு கிழமையின் பெயராக அமைந்துபோனதால், அம்மா வெள்ளிக்கிழமையை ‘வியாழனுக்கு மறுநா’ என்றுதான் சாகும்வரை சொன்னாள்.

அடுத்த குடித்தனத்தில் இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவளும், அவள் அம்மாவும், நாலு வயதுப் பெண் குழந்தையும் மட்டும்தான். புருஷனுக்கு ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் வேலை. அவர் கடைசியாக லீவில் வந்துபோன பிறகுதான் நாங்கள் அந்த ஸ்டோருக்குக் குடிவந்தோம், அதனால் அவரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. ஸ்டோருக்கு அவர் ‘ரங்கூன்காரர்’. மாமியாருக்கு ‘மாப்பிள்ளை’. அக்காவுக்கு ‘அவரு’. அவரைப் பெற்றவர்கள் இல்லை. கூடப்பிறந்த ஒரே அண்ணன் பினாங்கில் இருந்தார்.

அக்காவுக்கும் அவள் அம்மாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ரங்கூன் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன், பதில் மட்டும் தபாலாபீஸ் வாசலில் காசுக்கு எழுதுகிறவரிடம். ‘இப்படிக்கு’ என்பதற்குக் கீழே அவர் இங்கிலீஷில் ஒரு கிறுக்கு கிறுக்கியிருப்பார். அதில் முதல் எழுத்து மட்டும் பாம்பு நெளிந்த மாதிரி தெளிவாக இருக்கும். மிச்சமெல்லாம் ஒரே இழுப்பு. நான் அதை ஆராய்ந்ததே இல்லை. என்ன எழுதியிருக்கிறார் என்பதுதானே எங்களுக்கு வேண்டும்.

அந்த வருஷம், நாற்பத்திரண்டு, பொங்கலுக்கு முன்னாலேயே ரங்கூனில் குண்டு விழ ஆரம்பித்துவிட்டது. கடிதம் நின்றது. மாசி, பங்குனிக்குள் பட்டணத்துக்கே பயம் பிடித்துக்கொண்டது. கடல் வழியாக ஜப்பான்காரன் வருகிறான், இன்றைக்கு வருகிறான், நாளைக்கு வருகிறான் என்று மூட்டை முடிச்சோடு ஜனங்கள் ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். எங்கள் ஸ்டோரில் ஐந்து குடித்தனம் பூட்டிக்கொண்டு கிளம்பியது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். ஆகாயத்தில் பருந்து வட்டமிட்டால்கூட நான் கட்டிலுக்கு அடியில் போய்விடுவேன். பதின்மூன்று வயசுப் பெண், வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் போய்விடுவேன்.

குண்டு விழுந்தால் என்ன செய்வது என்று சொல்ல எங்கள் தெருவுக்கு ஒரு வார்டன் இருந்தார். தகரத் தொப்பியும் விசிலுமாக வருவார். ஒரு நாள் நைனாவை வாசலில் நிறுத்தி, “பயப்படாதீங்க. ஹார்பர் பக்கத்துக்கு மயிலாப்பூர் ரிலேட்டிவ்லி ஸேஃப்” என்றார். நைனாவுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னாம்மா சொல்றாரு?”

“அங்க குண்டு நெறைய வுழுமாம், இங்க கொஞ்சமா வுழுமாம் நைனா.”

அன்றைக்கு முழுக்க அம்மா என்னோடு பேசவில்லை. இடுப்பில் இரண்டு மாதக் கைக்குழந்தையான என் தம்பியை வைத்துக்கொண்டு, என்னமோ நானே குண்டு போடப் போகிறவள் மாதிரி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். இலக்கணத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்த வார்த்தை வார்டன் வாயில் வந்ததும் பயமுறுத்தக் கற்றுக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

ஊரைவிட்டுப் போக நைனாவை டிராம் ஷெட்டில் விடமாட்டார்கள், அதனால் நாங்கள் தங்கினோம். அக்கா தங்கியதற்குக் காரணம் வேறு. செங்கல்பட்டில் ஒரு சித்தப்பா வீடு இருந்தது. அங்கே போய்விடு என்று என் அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

“அவரு வந்து கதவத் தட்டுனா யாரு தொறப்பா?” என்று அக்கா ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

பர்மாவிலிருந்து காட்டு வழியாக நடந்தே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள், வழியில் காலராவிலும் பட்டினியிலும் சாகிறார்கள் என்று பேச்சு வந்தது. வந்தவர், வராதவர் விவரம் விசாரித்துச் சொல்ல தியாகராய நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் ஆபீஸ் போட்டிருப்பதாக நைனா ஷெட்டில் கேட்டுக்கொண்டு வந்தார். ஃபாரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம், இங்கிலீஷில். ஸ்டோரில் இங்கிலீஷ் தெரிந்தது நான் ஒருத்திதான். வெளியே போக உயிர் நடுங்கியது. ஆனாலும் ஒரு பெரியமனுஷி வேலை கிடைத்த பெருமை பயத்தை ஜெயித்துவிட்டது. பாவாடை தாவணியைத் துவைத்துக் காயப்போட்டு, பேனாவுக்கு மை ஊற்றி, மறுநாள் காலையில் அக்காவோடு லஸ் முனையிலிருந்து நடந்தே போனேன்.

பங்களா வராந்தாவில் பெஞ்சு பெஞ்சாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குமாஸ்தா ஒருவர் ஃபாரத்தை நீட்டி, “மையில எழுதணும். அடிச்சு, திருத்தி எழுதினா வாங்க மாட்டோம்” என்றார்.

முதல் கட்டத்திலேயே அந்த வார்த்தை இருந்தது. தேடப்படும் ரிலேட்டிவின் பெயர். கீழே, தேடுபவருக்கு என்ன உறவு. கீழ்க்கட்டத்தை முதலில் நிரப்பினேன். மனைவி என்பதற்கு இங்கிலீஷில் எழுத்துப் பிழை வராது. மரக் கம்பெனி, ரங்கூன், வயது முப்பது எல்லாம் எழுதியாயிற்று.

“அக்கா, அவரு பேரு இன்னா?”

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் பார்த்தாள். குமாஸ்தாவுக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. மயிலும் வேலுமாகச் சாமி நின்றார். அவள் கண்ணாலேயே அதைக் காட்டினாள்.

“முருகனா?”

“அந்தச் சாமிதான். வேற பேரு.”

எனக்கு அந்தப் பாம்பு எழுத்து ஞாபகம் வந்தது. அந்த எழுத்தில் தொடங்கும் பெயர் அந்தச் சாமிக்கு ஒன்றா இரண்டா, உட்கார்ந்து எண்ணினால் ஐந்தாறு தேறும். உங்களுக்கே இப்போது இரண்டு மூன்று தோன்றியிருக்கும். அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று. என் தாய்மாமன் பெயர். இதுதானா என்று கேட்க வாயைத் திறந்தேன், சங்கு ஊத ஆரம்பித்தது.

குண்டு விமானம் வந்தால் எச்சரிக்கும் அபாயச் சங்கு. அதைப் பக்கத்தில் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். வயிற்றுக்குள்ளிருந்து ஊதுகிற மாதிரி இருக்கும். “எல்லாரும் வெளில! குழிக்குப் போங்க!” என்று குமாஸ்தா கத்தினார். பெஞ்சுகள் கவிழ்ந்தன. அந்தக் களேபரத்தில், எழுதாமல் போனால் ஃபாரத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று ஒரு பைத்தியக்காரப் பயம் வந்து, என் மாமன் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டு ஓடினேன்.

தோட்டத்தில் வெட்டியிருந்த பதுங்கு குழியில் செம்மண்ணுக்குள் அரை மணி நேரம் கிடந்தோம். அக்கா என் தலையை மடியில் போட்டு இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள். குண்டு ஒன்றும் விழவில்லை. ஒத்திகையா, நிஜமா என்று யாரும் சொல்லவும் இல்லை. அந்த அரை மணியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் காது என் வாய்க்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. ஆனால் அப்போது என் பெயரைக் கேட்டிருந்தாலே எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டாவது சங்கு ஊதியதும் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தோம். குமாஸ்தா அதைப் பார்த்து, “கையெழுத்து நல்லாருக்கு” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் பதில் வந்தது. கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு உறையைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா ஓடிவந்தாள்.

“வந்துடுச்சு. படி, படி.”

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு பிரித்தேன். டைப் அடித்த நாலு வரி. ‘யுவர் ரிலேட்டிவ்’ என்று ஆரம்பித்து, என் பேனா எழுதிய அதே பெயர், மரக் கம்பெனி, ரங்கூன், வரும் வழியில் காலரா, ஒரு முகாமின் பெயர். வருத்தம் தெரிவிக்கும் ஒரு சொல். அந்தச் சொல் எங்கள் பாடப் புத்தகத்திலும் இருந்தது.

அக்கா காகிதத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா போட்டுக்கீது? உசுரோட கீறாரா?”

“இல்லக்கா.”

அவ்வளவுதான் சொன்னேன். கடிதத்தை வாய்விட்டுப் படிக்கவில்லை. படிக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. அவள் அம்மா போட்ட கூச்சலில் பூட்டிய வீடுகளின் மேல் இருந்த புறாவெல்லாம் பறந்தன. என் அம்மா ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ‘மாப்பிள்ளையே’ என்று ஒருத்தி, ‘ரங்கூனு மகராசா’ என்று ஒருத்தி, பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்கள் ‘இவள விட்டுப் போனியே’ என்று. ஒப்பாரியிலும் அவருக்குப் பெயர் இல்லை. அக்கா மட்டும் கத்தவில்லை. கட்டிய புடவையோடு கிணற்றடியில் தலை முழுகிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். அப்படிப் படுத்தபடியே, சன்னமாக, நிற்காமல் அழுதாள்.

சந்தேகம் எனக்கு மறுநாள் காலையில்தான் வந்தது. அக்கா வீட்டுக்கு அம்மா கஞ்சி கொண்டுபோனபோது, எங்கள் மாடத்தில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெயரை அக்கா எனக்குச் சொல்லவே இல்லை. நானாக எழுதியது. சொன்னது சாமியை, பெயரை இல்லை. உடனே சமாதானமும் செய்துகொண்டேன். மரக் கம்பெனி சரியாக இருக்கிறது. ரங்கூன் சரியாக இருக்கிறது. ஒரே கம்பெனியில் ஒரே சாமி பெயரில் இரண்டு பேர் இருப்பார்களா? இருப்பார்கள் என்று இன்னொரு குரல் சொல்லும். நம் ஊரில் ஒரு தெருவில் அந்தச் சாமி பெயரில் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

போய்க் கேட்டிருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் சொல்வீர்கள். புருஷன் செத்து அழுகிறவளிடம் போய் “அவர் பேர் என்ன” என்று கேட்பது எப்படி? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் தப்பு செய்திருந்தால் எல்லோரும் சேர்ந்து என்னைக் கொன்றுபோடுவார்கள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போதுகூட எனக்கு என்மேல் கோபம் வருகிறது. ஒருத்தியின் தாலி போகப்போகிறது, நான் என் கன்னத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன்.

செய்தியே பிந்தி வந்ததால் பதினாறு நாள் காத்திருக்க வேண்டாம், மூன்றாம் நாளே காரியத்தை முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் தீர்மானித்தார்கள். எனக்குக் காய்ச்சல் கண்டது. சங்குச் சத்தத்தில் பயந்த கோளாறு என்று அம்மா திருநீறு போட்டாள்.

மூன்றாம் நாள் காலை முற்றத்தில் கோலம் இல்லாத தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். தாலி இறக்குவதற்குப் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று கைம்பெண்கள் வந்திருந்தார்கள். அந்த வீட்டு வழக்கப்படி அக்காவுக்குக் கடைசியாக ஒரு தடவை மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறையக் கண்ணாடி வளையல் அடுக்கி உட்கார வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பக்கத்து ஆண்பிள்ளை உறவு என்று ஊரில் யாரும் இல்லாததால் பங்காளி ஸ்தானத்தில் நைனா நின்றார். ஈர வேட்டியோடு, கையில் தர்ப்பையோடு, டிராம் ஷெட்டுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பார்த்தே இராத ஒரு மனிதருக்கு உறவாக நின்றார். காரியம் செய்துவைக்க வந்தவர் செம்பைத் தூக்கினார்.

“செத்தவரு பேரச் சொல்லுங்க. பேரச் சொல்லித்தான் தண்ணி வுடணும்.”

நைனா விழித்தார். அக்காவின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, “மாப்ள பேர நான் எப்டிங்க சொல்லுவேன்” என்றாள். அக்காவிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நைனா என் பக்கம் திரும்பினார்.

“எம்மா, அந்தக் காயிதத்த எடுத்தா. பேரப் படி.”

ஓடிவிடலாம் என்று வாசலைப் பார்த்தேன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். மாடத்திலிருந்து காகிதத்தை எடுத்துவந்து படித்தேன். எனக்கே கேட்கவில்லை.

“சத்தமா படிம்மா.”

சத்தமாகப் படித்தேன்.

மூன்று நாளாகக் கவிழ்ந்திருந்த தலையை அக்கா தூக்கினாள்.

“அது யாரு?”

காரியக்காரர் சாய்த்துப் பிடித்த செம்பிலிருந்து தண்ணீர் தானாகக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணே, அது அவரு பேரு இல்ல” என்று அக்கா நைனாவிடம் சொன்னாள். எழுந்தாள். வளையல் குலுங்க உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டது. மூலையில் தடவிய மஞ்சள் பழுப்பேறிப்போன ஒரு கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். “இத படி.”

படித்தேன். அதே சாமி. அதே பாம்பு எழுத்து. வேறு பெயர்.

அதற்கப்புறம் நடந்ததில் எனக்கு முதலில் ஞாபகம் இருப்பது அம்மா விட்ட அறை. இரண்டாவது அறை விழுவதற்குள் அக்கா என்னைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் உலுக்கினாள்.

“ஏண்டி, ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?”

“இந்தப் பத்திரிகைய ஆபீசுக்கு எடுத்தாந்திருக்கலாமேக்கா?”

“நீ கேக்கலியே.”

வந்த கைம்பெண்கள் மூவரும் அவசரமாகக் கிளம்பினார்கள், நல்ல காரியத்தில் நிற்கக் கூடாதென்று. அம்மா இருந்த வெல்லத்தைத் தட்டிப் பாயசம் வைத்தாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அக்கா பூவும் வளையலுமாக அப்படியே உட்கார்ந்து, பாயசத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்ப செத்தது யாரு?” என்று கேட்டாள். அம்மா, “அது எதுக்கு இப்ப, குடி” என்றாள். அவள் குடிக்கவில்லை.

மறுநாள் பத்திரிகையோடு மறுபடி அதே பங்களாவுக்குப் போனோம். இந்தத் தடவை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதினேன். அக்காவின் புருஷன் ஆடி மாதம் உயிரோடு வந்து சேர்ந்தார், கால் இரண்டும் வீங்கி, முன் பல் ஒன்று போய். அது நல்லபடியாக முடிந்த கதை. அதை எழுத நான் உட்காரவில்லை.

அன்றைக்குப் பங்களாவில் குமாஸ்தா என்னைத் திட்டிக்கொண்டே பெரிய நோட்டைப் புரட்டினார். அந்த இன்னொரு பெயருக்கும் ஒரு ஃபாரம் வந்திருந்தது. மேற்கு மாம்பலத்திலிருந்து, ஒரு மனைவி. அதே கம்பெனி, அதே ஊர். எங்கள் ஃபாரம் முந்திக்கொண்டதால் அந்தப் பெண்ணுக்குப் போக வேண்டிய பதில் எங்களுக்கு வந்திருக்கிறது. “தபால்ல போட்டுடறோம், நீங்க போங்க” என்றார். மேஜையில் பதில் எழுத வேண்டிய காகிதங்கள் என் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன.

“வெலாசத்த எழுதிக்க” என்று அக்கா என்னிடம் சொன்னாள்.

“வேணாங்க்கா. ஆபீஸ்காரங்களே சொல்லட்டும். நாம எதுக்கு?”

“அந்தப் பொண்ணு வூட்டாண்ட இங்கிலீஷ் தெரிஞ்ச பொண்ணு கீதோ இல்லியோ. வா.”

மாம்பலம் ரயில்வே கேட்டில் நின்றோம். ஊரைவிட்டு ஓடும் ஜனங்களை அடைத்துக்கொண்டு ஒரு ரயில் தெற்கே போயிற்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றதில், ரயில் நிற்கிற மாதிரியும் நானும் அக்காவும் கேட்டும்தான் பின்னால் இழுத்துக்கொண்டு போகப்படுகிற மாதிரியும் ஒரு கணம் தலை சுற்றியது. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்பதும் ரிலேட்டிவ்தான் என்று பின்னாளில் சயின்ஸ் படித்த என் தம்பி விளக்கினான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கேட் திறக்கவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தது மட்டும்தான். திறந்துவிட்டார்கள்.

சந்துக்குள் சந்தாகக் கேட்டுக்கேட்டுப் போனோம். கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் முறத்தில் நொய்யரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம். காலையில் வைத்த பூ தலையில் வாடாமல் இருந்தது. என் கையிலிருந்த காகிதம் வேர்வையில் நனைந்துவிட்டது.

“இந்தத் தடவ பேரக் கேட்டுக்கினு சொல்லு” என்று அக்கா என் காதில் சொன்னாள்.

“ரங்கூன்ல மரக் கம்பெனில இருக்கிறவரு வீடு இதுதாங்களா?”

அவள் முறத்தை நிறுத்தினாள். “ஆமா.”

நான் அந்தப் பெயரைச் சொன்னேன். இங்கேயும் பொருந்தாமல் போய்விடாதா என்று கடைசியாக ஒரு ஆசை இருந்தது.

அவள் சட்டென்று தலையைக் குனிந்தாள். முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். புருஷன் பெயரை அந்நியர் வாயால் கேட்ட வெட்கம். முந்தானைக்கு மேலே கண் இரண்டும் சிரித்தது. ஆமாம், ஆமாம் என்று இரண்டு தடவை தலையை ஆட்டினாள்.

“வாங்க, உள்ள வாங்க. கடுதாசி குடுத்து அனுப்பிச்சாரா?” என்று முறத்தோடு எழுந்து பாயைத் தேடினாள். பிறகு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊரிலிருந்து வந்த யாரோ சொந்தக்காரர்கள், தனக்குத்தான் அடையாளம் தெரியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

“நீங்க அவருக்கு இன்னா வேணும்?”

அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பெண்ணையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். அவள் கையிலிருந்த முறத்தை வாங்கி ஓரமாக வைத்தாள். வளையலோடு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“தெரிலம்மா” என்றாள். “மூணு நாளா அவருக்கு அழுதுட்டு வரேன்.”